படியாமல் போனதும் சரிந்து போனதும்

குழந்தாய், சௌக்கியமா என்று கேட்டால் சௌக்கியம் என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிடுவாய். அதனால் கேட்கவில்லை. உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. மூன்று பக்கம் கல்லைப் பற்றி, கடைசியில் இரண்டு வரி அப்பாவைப் பற்றி. பாடம் நடத்திவிட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து நனைந்து வந்தவள், புடவையை மாற்றாமல் பால்கனிக் கதவருகே நின்றே படித்து முடித்தேன். அரியலூர்ப் பக்கத்தில் நீ அளந்துகொண்டிருக்கும் ஓடையில், கீழே சாம்பல் நிறக் களிப்பாறை, மேலே சுண்ணாம்புக்கல், நடுவில் இருந்திருக்க வேண்டிய மணற்பாறை இல்லை என்று எழுதியிருக்கிறாய். அடுத்த ஓடையில் அதே மணற்பாறை ஆளுயரத்துக்கு நிற்கிறதாம். அந்தக் காலத்தில் இந்த இடத்தில் கடலே இல்லை, ஒன்றும் படியவில்லை என்று எழுதிவிடும்படி உன் மேலதிகாரி சொல்கிறார், நீயும் அப்படியே எழுதப் போகிறாய். அதற்குக் கீழே, வேறு மையில், அப்பாவின் வருஷாப்திகத்துக்கு, முதல் வருஷத் திதிக்கு, வரப்போவதில்லை என்கிறாய். வீட்டை விட்டுப் போனதிலிருந்து உனக்கும் அவருக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை, இல்லாத ஒன்றுக்கு எள்ளும் தண்ணீரும் எப்படி விடுவது என்று கேட்கிறாய். பெரியப்பா பிள்ளைதானே கொள்ளி வைத்தான், இதையும் அவனே செய்யட்டும் என்கிறாய்.

இரண்டுக்கும் பதில் எழுத வேண்டும் என்று அன்றைக்கே உட்கார்ந்தேன். முடியவில்லை. இன்று பள்ளிக்கூடம் விடுமுறை. ஒரு டம்ளர் அரிசி வடித்து, அதிலும் பாதியை மூடி வைத்துவிட்டு, உட்கார்ந்திருக்கிறேன். இந்த மழையில் கதவைத் தட்டுகிறவர்கள் யாரும் இல்லை. மழை இல்லாவிட்டாலும் அதிகம் இல்லை. மாடிப்படியில் காலையில் எதிரே வருகிறவர்கள் என்னைப் பார்த்ததும் எதையோ மறந்துவிட்டவர்கள் போலத் திரும்பி உள்ளே போகிறார்கள். நான் இறங்கின பிறகு அவர்கள் கதவு திறக்கும் சத்தம் கேட்கும். அதற்கு நான் பழகிவிட்டேன். பழகாதது சாயங்காலம்தான்.

முதலில் கல்லை எடுத்துக்கொள்கிறேன். அதில் எனக்குப் பயம் குறைவு. உனக்கு இதில் புத்தி சொல்ல எனக்கு உள்ள தகுதி கொஞ்சம்தான். மதராஸில் நான் படித்தபோது எங்கள் வகுப்பில் பெண்கள் இரண்டு பேர். ஆண்பிள்ளைகளை முகாமுக்கு அழைத்துப் போவார்கள். எங்களை அனுப்ப மாட்டார்கள். பெட்டிக்குள் பஞ்சில் வைத்த கல் துண்டுகளையும், அவர்கள் வரைந்து கொண்டுவந்த படங்களையும் பார்த்துத்தான் நாங்கள் பரீட்சை எழுதினோம். ஓடைக்கரை ஒன்றைக்கூடக் கண்ணால் பார்க்காமல் பட்டம் வாங்கினவள் நான். ஆனால் அதனாலேயே பிறர் வரைந்த படத்தை நிதானமாகப் பார்க்கும் பழக்கம் வந்தது. நீ அனுப்பிய படத்தையும் அப்படித்தான் பார்த்தேன். களிப்பாறைக்கும் சுண்ணாம்புக்கல்லுக்கும் நடுவே நீ கத்தியால் கீறின மாதிரி ஒரு கோடு போட்டிருக்கிறாய். கூழாங்கல் இல்லை, செம்மண் இல்லை, வெயில்பட்டு உதிர்ந்த அடையாளம் எதுவும் இல்லை.

நிலம் உள்ளிருந்து நெருக்குண்டு கடலடி மேலே எழும்பினால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். மழையும் அலையும் அதைத் தின்னும். அடுக்குகள் போகும், ஆனால் தின்ற தடம் இருக்கும். கரடுமுரடான ஒரு பரப்பு, மேலே சரளை, சில இடங்களில் கீழ் அடுக்கு சாய்ந்திருக்க மேல் அடுக்கு படுத்திருக்கும். உன் கோட்டில் அது ஒன்றும் இல்லை. இன்னொரு வழியும் உண்டு. அப்பா காரியத்துக்கு வந்தபோது நீ விட்டுப்போன பத்திரிகைகளில் படித்தேன். கடலுக்கு அடியில், சரிவில், சேறும் மணலும் இன்னும் இறுகாமல் கிடக்கும்போது பூமி ஒரு முறை குலுங்கினால் போதும். அவ்வளவும் பிடி விட்டு மொத்தமாக ஆழத்துக்கு வழுக்கிப் போகும். போன இடம் வழித்துவிட்டாற்போல் சுத்தமாக இருக்கும். பிறகு அதன்மேல் புதுச் சேறு மெல்ல வந்து உட்காரும். பார்க்கிறவனுக்கு நடுவில் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும்.

நீ சின்னவனாக இருந்தபோது நான் கூவைக்கிழங்கு மாவை அண்டாவில் கரைத்துத் தெளிய வைத்திருந்தேன். அடியில் வெள்ளையாக, வழவழவென்று படிந்திருந்தது. தண்ணீரை வடிக்கலாம் என்று ஒரு பக்கம் சாய்த்து வைத்திருந்த சமயத்தில் நீ ஓடிவந்து அண்டாவில் இடித்துக்கொண்டாய். படிந்தது அத்தனையும் அப்படியே நழுவி மறு ஓரத்தில் மடிப்பு மடிப்பாகக் குவிந்தது. இந்தப் பக்கம் பித்தளை பளிச்சென்று தெரிந்தது. மாவு கொட்டிப்போச்சு என்று அழுதாய். கொட்டவில்லை, அந்தப் பக்கம் இருக்கிறது பார் என்று உன் கையைப் பிடித்துத் தொடவைத்தேன். உனக்கு ஞாபகம் இருக்காது. உன் படத்தின் மூலையில், ஓடை கீழே திரும்பும் இடத்தில், மடிந்து கசங்கின மணற்பாறை, பிற்காலத்துக் குலுக்கலாக இருக்கலாம் என்று பொடி எழுத்தில் குறித்திருக்கிறாய். அந்த மடிப்புக்கு மேலே இருப்பதும் கீழே இருப்பதும் நேராகப் படுத்திருக்கிறதா? அதை நீ எழுதவில்லை. நேராக இருந்தால், அது கல்லான பிறகு மடிந்ததில்லை. ஈரமாக இருந்தபோதே வழுக்கி வந்து சேர்ந்தது. இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. ஒன்றும் படியவில்லை என்று எழுதுவதற்கு முன் ஒரு முறை சரிவில் கீழே நடந்துவிட்டு வா, அவ்வளவுதான். மேலதிகாரியிடம் சாப்பாட்டு வேளையில் வாதாடாதே. அளந்துவிட்டு, ஆறின பிறகு சொல்.

இனி அப்பா. நீ போன அன்றைக்கு நடந்ததை நீயும் நானும் ஒரே மாதிரிதான் ஞாபகம் வைத்திருப்போம். யுத்தம் நடந்துகொண்டிருந்தது, ஜன்னலுக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தோம். அவர் ரிடையர் ஆனதும் அவர் ஆபீஸில் உனக்கு ஓர் இடம் என்று பெரிய துரையிடம் பேசி வைத்திருந்தார். நீ மதராஸுக்குப் போய்க் கல்லைப் படிக்கப் போகிறேன் என்றாய். அவர் சாப்பிட்டுக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்: "ரோட்டுல ஒக்காந்து தட்டறானே, அவனுக்கு யாருடா பட்டம் குடுத்தா?" நீ சொன்னாய்: "ஒங்க சீட்டுல வந்து ஒக்காரறதுக்கு நான் பொறக்கலை." அவர் குடையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். நீ சாயங்காலம் மெயிலில் போனாய். இரண்டு பேருக்கும் அன்று டிபன் டப்பா நான்தான் கட்டினேன்.

அதற்குப் பிறகு இந்த வீட்டில் உன் பெயர் அவர் வாயிலிருந்து வரவில்லை. நீ எழுதும் கடிதங்களை நான் காலையில், அவர் சவரம் செய்துகொள்ளும்போது, சத்தமாகப் படிப்பேன். கேட்கிறாரா என்று தெரியாது. கண்ணாடியில் பாதி முகம் சோப்பு நுரையாக இருக்கும், பாதி முகம் சுவர் மாதிரி இருக்கும். படித்து முடித்ததும், "வெந்நீர் போட்டாச்சா?" என்பார். எத்தனையோ காலைகளில் நான் சுவருக்குத்தான் படித்தேன் என்று நினைத்துக்கொண்டேன். அவர் போன பிறகு சாயங்காலங்கள் வெறிச்சென்று இருக்குமே என்று எப்போதாவது இங்கே வருகிறவர்கள் சொல்கிறார்கள். அவர் இருந்தபோதும் அப்படித்தான் இருந்தது என்று அவர்களிடம் சொல்ல முடியுமா?

தந்தி உன் முகாமுக்குப் போய்ச் சேர்ந்து நீ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நீ பதின்மூன்றாம் நாள் வரை இருந்தாய், சொன்னதைச் செய்தாய், ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. பத்தாம் நாள் கூட்டத்தில் கறுப்பாக, உயரமாக, காக்கிச் சட்டை போட்ட ஒருவர் உன்னிடம் வந்து, "தங்கம் ஏதும் கெடச்சுதா தம்பி?" என்று கேட்டார். யாரோ அப்பாவின் ஆபீஸ் ஆள் உன்னைக் குத்திக் காட்டுகிறார் என்று நீ எழுந்து உள்ளே போய்விட்டாய். அன்றிரவு என்னிடம், செத்த பிறகும் ஆள் வைத்து என்னைக் கேலி செய்கிறார் என்றாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் அவருடைய ஆபீஸில் ஒரு கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அவர் வழக்கமாகப் போன காலை வண்டிக்கே மாட்டுங்கா ஸ்டேஷனுக்குப் போனேன். கல்யாண் லோக்கல் வந்து நின்றதும் நான் பெண்கள் பெட்டியைத் தேடி ஓடினேன். ஒரு ஜன்னலிலிருந்து தலை நரைத்த ஒருவர் கூப்பிட்டார். "மாமி, லேடீஸ் டப்பா கூட்டமா இருக்கும். இங்க ஏறுங்கோ. அண்ணாவோட எடம் இருக்கு." அவர் பெயர் மணி ஐயர், கல்யாணில் இருக்கிறார், அப்பாவோடு அதே பெட்டியில் பல வருஷம் போனவர், பத்தாம் நாளும் வந்திருந்தாராம். உள்ளே ஜன்னலோரம் ஓர் இடம் காலியாக இருந்தது. அதன்மேல் ஒரு கைக்குட்டை. சுற்றிலும் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

உனக்கு இந்த ஊர் வண்டிப் பழக்கம் தெரியும். கல்யாணில் ஏறுகிறவர் வழியில் ஏறப் போகிறவருக்காகக் கைக்குட்டை போட்டு இடம் பிடித்து வைப்பார். மணி ஐயர் இன்னும் தினமும் போடுகிறாராம். வழியில் நிற்கிறவர்கள் சண்டைக்கு வந்தால், "மாட்டுங்கா மே ஆயேகா", மாட்டுங்காவில் வருவார், என்பாராம். மாட்டுங்காவில் வண்டி நின்று கிளம்பும் வரை கைக்குட்டை கிடக்கும். பிறகு எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொள்வார், யார் வேண்டுமானாலும் உட்காரலாம். வருஷாப்திகம் வரைக்கும் இப்படி வைப்பது என்று அவர்களுக்குள் முடிவாம். எங்களோடு அவ்வளவு பேசினவர் வேறு யார், இதுகூடச் செய்ய வேண்டாமா என்றார். அவர் வேறு யாரையோ சொல்கிறார் என்று நினைத்தேன். உன் அப்பாவா, பேசினாரா?

எதிரே இருந்தவர் பத்தாம் நாள் வந்த அந்தக் காக்கிச் சட்டைக்காரர். சுடலைமுத்து என்று பெயர், தாராவியில் குடும்பம், பரேலில் ஒரு ஒர்க்ஷாப்பில் வேலை, சயானில் ஏறுகிறவர். அவர்தான் முதலில் கேட்டார்: "பிள்ளைக்குக் கோலார்ல தங்கம் கெடச்சுதாம்மா? அன்னைக்குக் கேட்டேன், தம்பி பதிலே சொல்லல." கோலாரா என்றேன். ஆமாம், பிள்ளை கோலாரில் பூமிக்கடியில் தங்கம் பார்க்கிறான் என்று அப்பா சொன்னாராம். நீ படிக்கும்போது ஒரு தடவை கோலாருக்குச் சுற்றுலா போய் எழுதினாயே, அந்தக் கடிதம். நான் சவர வேளையில் படித்தது. மணி ஐயர் மறுத்தார். கோலார் இல்லை, பிள்ளை இமயமலையில் இருக்கிறான், அங்கே மலை உச்சியில் கடல் சங்கு எடுத்தான் என்றார். நீ சங்கு எடுத்தது அரியலூரில். இமயமலையைப் பற்றி ஏதோ புத்தகத்தில் படித்ததாக இன்னொரு தடவை எழுதியிருந்தாய். உனக்கு முகாமில் காய்ச்சல் வந்ததும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அது நீ வேலைக்குப் போன பிறகு வந்தது. அவர்களோ நீ காலேஜில் படித்தபோது வந்ததாக நம்புகிறார்கள். பரேல் வந்ததும் சுடலைமுத்து இறங்க வேண்டும், இறங்கவில்லை. வேலைக்கு நேரமாகவில்லையா என்றேன். "இருக்கட்டும்மா. தவக்களைக் கதைய உங்களுக்கு யாரு சொல்லுவா?" என்றார்.

வொர்லிக் குன்றுக்கு நாம் போனது உனக்கு நிச்சயம் ஞாபகம் இருக்கும். இந்த ஊர் முழுக்க எரிமலைக் கருங்கல், அதில் படிவுப்பாறை பார்க்க வேண்டுமென்றால் அங்கே ஒரு மெல்லிய பட்டை உண்டு, இரண்டு எரிமலைக் குழம்புக்கு நடுவில் கொஞ்ச காலம் தண்ணீர் தேங்கி நின்ற அடையாளம், அதில் சின்னத் தவளைகளின் எலும்பு இருக்கும் என்று சொல்லி நான்தான் உன்னை அழைத்துப் போனேன். அப்பா கூட வந்தார். ரோட்டிலேயே குடையைப் பிடித்துக்கொண்டு, கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நீ சாயங்காலம் வரை தட்டினாய். இலை பட்ட கறுப்புக் கறை ஒன்று கிடைத்தது, தவளை கிடைக்கவில்லை. வீடு வரைக்கும் அழுதாய். அப்பா ஒன்றே ஒன்று கேட்டார்: "முடிஞ்சுதா?" அவ்வளவுதான் என்று நாம் நினைத்தோம். சுடலைமுத்து சொன்னார்: "சுத்தியலால ஒரு தட்டுத்தான் தட்டுனானாம். கல்லு ரெண்டாப் பொளந்து உள்ள இருந்து தவக்களை உசுரோட சாடிட்டாம்லா. சாமி சொல்லும்போது கையை இப்பிடித் தூக்கிக் காட்டுவாவ." மணி ஐயர், "தவளை இல்லைய்யா, ஆமை" என்றார். "ஆமை பூனாக் கதையில. இது வொர்லி, தவக்களதான்" என்றார் சுடலைமுத்து. பெட்டியில் நாலைந்து பேர் சிரித்தார்கள். அவர்களும் கேட்டிருக்கிறார்கள், எத்தனையோ தடவை. நீ அழுதுகொண்டே வந்த தவளையை, குழந்தாய், அவர் உனக்கு அந்த வண்டியில் கொடுத்துவிட்டிருக்கிறார்.

கடைசி ஸ்டேஷனான வி.டி.யில் இறங்கி ஆபீஸுக்குப் போகாமல் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன், கோபம்தான் வந்தது. இன்னும் போகவில்லை. ஒவ்வொரு காலையும் நான் படித்தது அவரிடம் படிந்திருக்கிறது. ஒரு சொல்லும் வீட்டில் நிற்கவில்லை. வாசலைத் தாண்டினதும் மொத்தமும் வழுக்கி அந்தப் பெட்டியில் போய்க் குவிந்திருக்கிறது, முன்னது பின்னாக, கோலாரும் இமயமலையும் மடிந்து ஒன்றின்மேல் ஒன்றாக. அவர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அது எல்லாம் ஒழுங்காக இருந்திருக்கும். கேட்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. நீ சொன்ன அந்த வார்த்தை காரணமா, அல்லது அதற்கு முன்பே அவருக்கு வீட்டில் பேசத் தெரியாமல் இருந்ததா, இனி யாரைக் கேட்பது? வழித்துவிட்ட பக்கத்தில் நான் இருந்தேன். அவர் கை தூக்கித் தவளையைக் காட்டினதை நான் ஒரு நாளும் பார்க்கவில்லை. வேறு யாரோ பார்த்திருக்கிறார்கள். அவரை மன்னித்துவிடு என்று உனக்கு நான் எழுதவில்லை. எனக்கே அது கைவரவில்லை.

ஆனால் ஒன்றுமே இல்லை என்று மட்டும் எழுதாதே. ஆட்கள் கதை கட்டுவார்கள், செத்தவனைப் பற்றி நல்லதாகச் சொல்வார்கள் என்று நீ நினைக்கலாம், நானும் நினைத்தேன். உனக்குக் காய்ச்சல் வந்தபோது முகாமுக்கு ஒரு பாட்டில் நெல்லிக்காய் லேகியம் வந்தது என்றும், வேலைக்கு நடுவில் இதை எப்படிக் கிளறினாய் அம்மா என்றும் எழுதியிருந்தாய். நான் கிளறவில்லை. உன் சித்தி அனுப்பியிருப்பாள் என்று விட்டுவிட்டேன். மணி ஐயரின் மனைவி கிளறினது அது. அப்பா கேட்டு வாங்கி, போரிபந்தர் தபாலாபீஸில் தானே கட்டி அனுப்பினாராம். மணி ஐயர் அதைச் சொல்லும்போது உன் காய்ச்சலின் வருஷத்தைத் தப்பாகத்தான் சொன்னார். பாட்டில் கழுத்தில் பச்சை நூல் சுற்றியிருந்ததைச் சரியாகச் சொன்னார். பச்சை நூல் என்று உன் கடிதத்திலும் இருக்கிறது. இரண்டு ஓடையில் ஒரே சங்கு கிடைத்தால் நீ என்ன எழுதுவாய்?

நீ எப்படியும் வருஷாப்திகத்துக்கு வர வேண்டும் என்று உத்தரவு போட எனக்கு விருப்பமில்லை. எள்ளும் தண்ணீரும் விடுவதும் விடாததும் உன் மனசு. பெரியப்பா பிள்ளையிடம் தயாராக இருக்கச் சொல்லியிருக்கிறேன். நான் கேட்பது வேறு. அதற்கு இரண்டு நாள் முன்னால் புறப்படு. மதராஸ் மெயிலில் வந்தால் தாதர் வரைக்கும் தூங்கிக்கொண்டு வராதே, காலையில் கல்யாணிலேயே இறங்கிவிடு. மூட்டை கொஞ்சமாக எடுத்துக்கொள், லோக்கலில் பெரிய பெட்டி ஏற்ற முடியாது. பிளாட்பாரத்தில் மணி ஐயர் நிற்பார், உன்னை அவருக்கு அடையாளம் தெரியும். அன்றைக்கு அவர் கைக்குட்டை போட மாட்டார், சொல்லி வைத்திருக்கிறேன். அந்த ஜன்னலோர இடத்தில் நீ உட்கார்ந்து வா. அப்பா இருந்த காலத்திலும் கல்யாணிலிருந்து மாட்டுங்கா வரைக்கும் அந்த இடம் காலியாகத்தான் வரும், அவருக்காகக் காத்துக்கொண்டு. அவர்கள் சொல்வதைக் கேள். வரிசையை நம்பாதே, திருத்தவும் திருத்தாதே. சயானில் ஒருவர் ஏறித் தங்கம் கிடைத்ததா என்று கேட்பார். கிடைத்தது என்று சொன்னாலும் தப்பில்லை.

அடுத்தது மாட்டுங்கா. அங்கே இறங்கிவிடு. நான் பிளாட்பாரத்தில், அப்பா தினமும் ஏறும் இடத்தில் நிற்கிறேன்.

அம்மா